மாஃபெக்கிங் சிறுவர் படை: சாரணர் இயக்கம் அங்கேதான் பிறந்ததா?

பள்ளிச் சாரணர் குழுவில் பேசப்போகும் ஒரு நண்பரின் கேள்வி இது. "சாரணர் இயக்கம் தென்னாப்பிரிக்காவில் மாஃபெக்கிங் என்ற ஊரில் தொடங்கியது என்று ஒரு இடத்தில் படித்தேன். இங்கிலாந்தில் பிரௌன்சீ தீவில் தொடங்கியது என்று இன்னொரு இடத்தில். எது சரி? மாஃபெக்கிங்கில் குண்டுமழைக்கு நடுவே சைக்கிள் ஓட்டிய பையன் யார்? அவன் படம் ஸ்டாம்பில் வந்தது நிஜமா?"

முதலில் நேரடியான பதில். இயக்கம் தொடங்கியது இங்கிலாந்தில்தான். 1907 ஆகஸ்டில் பிரௌன்சீ தீவில் ஒரு சோதனை முகாம், 1908 ஜனவரியில் புத்தகம், அப்புறம் ஊருக்கு ஊர் குழுக்கள். மாஃபெக்கிங்கில் அதற்கு ஏழெட்டு வருடம் முன்னால் இருந்தது, முற்றுகையில் மாட்டிக்கொண்ட ஊருக்குள் ராணுவத்துக்கு எடுபிடி வேலை பார்த்த வெள்ளைக்காரப் பையன்களின் படை. அதைச் சேர்த்தவர், பின்னாளில் சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல்கூட இல்லை. ஆனால் அந்த ஊர் இல்லாமல் போயிருந்தால் சாரணர் இயக்கம் அவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. இரண்டுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள ஊரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

மாஃபெக்கிங் பெரிய ஊர் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கேப் காலனியின் வடக்கு ஓரத்தில், மொலோப்போ ஆற்றங்கரையில், டிரான்ஸ்வால் எல்லைக்கு மிக அருகில் இருந்தது. தகரக் கூரை வீடுகள், ஒரு சந்தைத் திடல், ரயில் பட்டறை, சில கடைகள், ஒரு கன்னிமாடம். கிம்பர்லியிலிருந்து புலவாயோ போகும் ரயில் பாதை இதன் வழியாகத்தான் போனது. அதனால் ஊரின் அளவைவிட அதன் மதிப்பு பெரிது. ஊரை ஒட்டியே அதைவிடப் பழைய இன்னொரு ஊர் இருந்தது. ட்ஸ்வானா மொழி பேசும் பரோலாங் மக்களின் ஊர். வெள்ளைக்காரர்கள் அதை ஸ்டாட் என்றார்கள். வெள்ளையர் பகுதியில் ஆயிரத்தைந்நூறு பேர் அளவுக்கு இருந்தார்கள் என்றால், ஸ்டாட்டிலும் அதைச் சுற்றியும் இருந்த ஆப்பிரிக்கர்கள் அதைப்போல நான்கைந்து மடங்கு. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிரான்ஸ்வாலை ஆண்ட டச்சு வம்சாவளி வெள்ளையர்களான போயர்களுக்கு இந்த ஊர் மேல் பழைய கோபம் உண்டு. 1895 டிசம்பரில் டிரான்ஸ்வாலைக் கவிழ்க்க ஜேம்சன் என்பவர் ஆயுதக் கும்பலுடன் கிளம்பியது இந்தப் பக்கத்திலிருந்துதான். 1899 அக்டோபரில் பிரிட்டனுக்கும் போயர்களுக்கும் போர் வெடித்ததும் போயர் தளபதி பியட் குரோன்யே பல ஆயிரம் பேருடன் நேராக இங்கே வந்து நின்றார். உள்ளே இருந்தவர் கர்னல் ராபர்ட் பேடன் பவல். எல்லைப்புறத்தில் இரண்டு குதிரைப்படைப் பிரிவுகளைத் திரட்டும்படி அவரை அனுப்பியிருந்தார்கள். அவரிடம் பயிற்சி பெற்ற படையினர் குறைவு. போலீஸ்காரர்கள், தன்னார்வலர்கள், ஊர்க்காவலுக்குத் துப்பாக்கி ஏந்திய கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள் எல்லாரையும் சேர்த்தும் ஆயிரத்துச் சொச்சம்தான் தேறும்.

முற்றுகை 1899 அக்டோபர் 13 தொடங்கி 1900 மே 17 வரை, 217 நாள் நீடித்தது. நவம்பரில் குரோன்யே பாதிக்கும் மேற்பட்ட ஆட்களுடன் தெற்கே போய்விட்டார். பொறுப்பு ஸ்னைமன் என்பவரிடம் வந்தது. அவர் அவசரப்படாத மனிதர். பெரிய குரூஸோ பீரங்கியால் ஊரைச் சுட்டுக்கொண்டு, உள்ளே சாப்பாடு தீரட்டும் என்று காத்திருந்தார்.

பேடன் பவலின் புகழ் இங்கே அவர் செய்த ஏமாற்று வித்தைகளில் இருக்கிறது. மணல் நிரப்பிய பெட்டிகளைக் கண்ணிவெடி என்று ஊரைச் சுற்றிப் புதைக்கவைத்தார். முள்கம்பி வேலி கிடையாது. ஆனால் காவல் அரணுக்குப் போகும் சிப்பாய்கள், இல்லாத கம்பியைக் காலைத் தூக்கித் தாண்டுவது போல நடிக்க வேண்டும். தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்க்கும் போயர்கள் வேலி இருக்கிறது என்று நம்பினார்கள். பிஸ்கட் டின்னையும் அசிட்டிலின் விளக்கையும் வைத்து ஒரு தேடுவிளக்கு செய்து, ஒரே விளக்கை இரவில் அரண் அரணாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரயில் பட்டறையில் நீராவிக் குழாயை வைத்து ஒரு பீரங்கியே வார்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இரு தரப்பும் சுடுவதில்லை என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. அன்று உள்ளே கச்சேரி, கிரிக்கெட். ஏப்ரலில் சேரல் ஈலொஃப் என்ற போயர் அதிகாரி, நாங்களும் கிரிக்கெட் ஆட வரலாமா என்று கிண்டலாகக் கடிதம் போட்டார். எங்கள் இன்னிங்ஸ் இன்னும் முடியவில்லை, 200 நாள் நாட் அவுட் என்று பேடன் பவல் பதில் அனுப்பினார். லண்டன் பத்திரிகைகளுக்கு இதெல்லாம் அல்வா. முற்றுகை முடிந்த செய்தி வந்த இரவில் லண்டன் தெருக்களில் நடந்த கூத்து வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 43 வயதில் அவர் மேஜர் ஜெனரல் ஆனார்.

இப்போது சிறுவர்களுக்கு வருவோம். படைக்கு ஆள் போதவில்லை. அரணுக்கு அரண் உத்தரவு கொண்டுபோவது, அதிகாரிகளின் கடிதங்களைக் கொடுப்பது, எங்கே பீரங்கி திரும்புகிறது என்று உயரத்திலிருந்து பார்ப்பது, மருத்துவமனையில் உதவுவது என்று பல வேலைகளில் துப்பாக்கி பிடிக்கக்கூடிய ஆண்கள் முடங்கிக் கிடந்தார்கள். இன்னொரு பக்கம், பள்ளிக்கூடம் இல்லாமல் தெருவில் சுற்றிக்கொண்டு, வெடித்த குண்டுகளின் சில்லுகளைப் பொறுக்கித் திரியும் பையன்கள். இரண்டு தலைவலியையும் ஒரே மருந்தில் தீர்த்தவர் பேடன் பவலின் தலைமை அலுவலர் மேஜர் லார்டு எட்வர்டு செசில். அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரியின் மகன். ஒன்பது வயதுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரப் பையன்களைத் திரட்டி, காக்கிச் சீருடை கொடுத்து, அணிவகுப்புப் பயிற்சியும் கொடுத்தார். தலையில் ஒரு ஓரம் மடித்த அகலமான தொப்பி, அல்லது ஸ்காட்லாந்துப் படையினர் போடும் கிளென்கேரி குல்லாய். தொடக்கத்தில் இருபதுக்கும் குறைவாக இருந்த பையன்கள் பின்னர் நாற்பதை நெருங்கினார்கள்.

முதலில் அவர்களுக்குக் கொடுத்த வாகனம் கழுதை. தீவனம் குறைந்து, சாப்பாடும் குறைந்தபோது கழுதைகள் சமையலறைக்குப் போயின. அதன் பிறகுதான் சைக்கிள். இயக்கத்தின் சின்னம் போல ஆகிவிட்ட அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் இருப்பது பசிதான்.

நண்பர் கேட்ட பையன் வார்னர் குட்இயர். வயது 13, படையின் சார்ஜென்ட் மேஜர். அவனைப் பற்றிய புகழ்பெற்ற கதையைச் சொன்னவர் பேடன் பவலே. குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில் செய்தி கொண்டுபோன ஒரு பையனைப் பார்த்து, இப்படியே போனால் ஒருநாள் அடிபடுவாய் என்று சொன்னாராம். நான் மிதிக்கிற வேகத்துக்கு அவங்களால் என்னைப் பிடிக்கவே முடியாது, சார் என்றானாம் அவன். அந்தப் பதில் சொன்னது குட்இயர்தான் என்று பலர் எழுதிவிட்டார்கள். பேடன் பவல் அந்தப் பையனின் பெயரைச் சொல்லவில்லை. குட்இயரின் பெயரை அவர் தனியாகத்தான் குறிப்பிடுகிறார். பேசும்போது இந்த வித்தியாசத்தைக் கவனித்துக்கொள்வது நல்லது.

அவர்கள் பிற்காலத்து அர்த்தத்தில் சாரணர்களா? இல்லை. அணித் தலைவன் தலைமையில் இயங்கும் சிறு அணிகள் கிடையாது, உறுதிமொழி கிடையாது, காட்டில் முகாம் கிடையாது, திறமைக்கான பட்டைகள் கிடையாது. தடம் பார்க்கவோ எதிரியின் பக்கம் ஊர்ந்து போய் வேவு பார்க்கவோ அவர்களை யாரும் அனுப்பவில்லை. நம் ஊர் என்.சி.சி.க்கு நெருக்கமான விஷயம் என்று சொல்லலாம். பேடன் பவலும் இதை மறைக்கவில்லை. பிள்ளைகளைச் சேர்த்துப் படையாக்கியது செசில்தான் என்று 1908ல் வந்த தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள்தான் செசிலை மெல்லக் கழற்றிவிட்டு, நிறுவனரே நிறுவிய முதல் குழு என்று கதையை நேராக்கிக்கொண்டார்கள்.

சரி, அந்த ஊரில் நிஜமாகவே வேவு பார்த்தது யார்? சாரணர் விழாக்களில் அதிகம் சொல்லப்படாத பகுதி இது. எனக்குக் கதையிலேயே முக்கியமாகத் தோன்றுவதும் இதுதான்.

ஊருக்கு வெளியே கடிதம் போக வேண்டும் என்றால், இரவில் போயர் வளையத்தை ஊடுருவி, விடிவதற்குள் பல மைல் கடந்தாக வேண்டும். அதைச் செய்தவர்கள் ஆப்பிரிக்க அஞ்சலோட்டிகள். அதிகாரிகளின் ரகசியச் செய்திகள், லண்டன் பத்திரிகைகளுக்குப் போன அந்தப் பரபரப்பான கட்டுரைகள், மனைவிக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் அவர்கள் கையில்தான் போயின. பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள். மத்தகோங் என்ற பரோலாங் வீரர் தன் ஆட்களுடன் எதிரி எல்லைக்குள் போய் மாடுகளை ஓட்டிவருவதில் பேர்போனவர். தடம் படிப்பது, சத்தமில்லாமல் நகர்வது, நட்சத்திரம் பார்த்துத் திசை கண்டுபிடிப்பது என்று பின்னாளில் சாரணர் கையேட்டில் ஒவ்வொரு பக்கமாக வரும் அத்தனை வித்தையும் இவர்களிடம் அன்றாட வேலையாக இருந்தது.

கடைசிப் பெரிய தாக்குதலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1900 மே 12 விடியற்காலையில், கிரிக்கெட் கடிதம் எழுதிய அதே ஈலொஃப், ஆற்றுப்படுகை வழியாக ஸ்டாட்டுக்குள் புகுந்து குடிசைகளுக்குத் தீ வைத்தபடி ஊரின் விளிம்புவரை வந்துவிட்டார். பின்னால் வர வேண்டிய துணைப்படை வரவில்லை. உள்ளே வந்தவர்களின் பின்பக்கத்தை அடைத்துத் துண்டு துண்டாக்கியதில் பரோலாங் ஆட்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மாலைக்குள் ஈலொஃப் சரணடைந்தார். ஐந்து நாளில் மீட்புப் படை வந்துவிட்டது.

இவ்வளவும் நமக்குத் தெரிவதற்கு முக்கியக் காரணம் ஒரு நாட்குறிப்பு. சால் பிளாட்யி என்ற இளைஞர் அப்போது ஊர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். வயது 23. பரோலாங் இனத்தவர். ஆங்கிலம், டச்சு, ட்ஸ்வானா எனப் பல மொழிகள் கைவந்தவர். முற்றுகைக் காலத்தில் அவர் எழுதிவைத்த குறிப்புகள் 1969 வாக்கில்தான் வெளியே தெரிந்தன, 1973ல் அச்சாயின. பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸாக மாறிய அமைப்பின் முதல் பொதுச் செயலாளர் இவர்தான். வெள்ளையர் எழுதிய முற்றுகைக் குறிப்புகள் ஒரு டஜனுக்கு மேல் உண்டு. ஸ்டாட்டுப் பக்கமிருந்து எழுதப்பட்ட நாட்குறிப்பு இது ஒன்று.

அவர் எழுதியவற்றில் பசி அதிகம் வருகிறது. ஊரிலிருந்த தானியத்தையெல்லாம் ராணுவம் எடுத்துக்கொண்டு பங்கீடு போட்டது. வெள்ளையருக்கு ஒரு அளவு, ஆப்பிரிக்கருக்கு வேறு அளவு. ஓட்ஸ் உமியை ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சிய கஞ்சியும் குதிரைக் கறி சூப்பும் ஆப்பிரிக்கர்களுக்கென்று ஏற்பாடு, அதுவும் காசு உள்ளவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். போர் காரணமாகச் சுரங்கங்களிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்து மாட்டிக்கொண்ட வெளியூர்த் தொழிலாளர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றி, வடக்கே கன்யே பக்கம் வைத்திருந்த உணவுக் கிடங்குகளை நோக்கிப் போகச் சொன்னார்கள். போகிற வழியில் போயர் வளையம். பேடன் பவல் வெள்ளையரைக் காப்பாற்ற ஆப்பிரிக்கரைப் பட்டினி போட்டார் என்று 1979ல் தாமஸ் பேக்கன்ஹாம் என்ற வரலாற்றாளர் கடுமையாக எழுதினார். கிடைத்ததை வைத்து அவர் செய்த ஏற்பாடு அவ்வளவு கொடூரமானதல்ல என்று 1989ல் டிம் ஜீல் மறுத்தார். வாதம் இன்னும் ஓயவில்லை. என் கணிப்பில், வேண்டுமென்றே கொன்றார் என்பது மிகை. ஆனால் யார் முதலில் சாப்பிட வேண்டும் என்ற வரிசையில் தோலின் நிறம் பார்க்கப்பட்டது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அப்படியென்றால் சாரணர் இயக்கத்துக்கு விதை எங்கிருந்து வந்தது? ஒரே ஊரைக் கைகாட்ட முடியாது. 1896ல் இன்றைய ஜிம்பாப்வேயின் மட்டோப்போ குன்றுகளில் ஃபிரெடரிக் பர்ன்ஹாம் என்ற அமெரிக்க வேவுக்காரரோடு சேர்ந்து பேடன் பவல் திரிந்தது ஒன்று. பிறகு நம் நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. 1897 முதல் 1899 வரை அவர் மீரட்டில் ஐந்தாம் டிராகூன் கார்ட்ஸ் படைப்பிரிவின் தளபதி. அங்கே சிப்பாய்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, தானாக யோசித்து முடிவெடுக்கப் பழக்கினார். தேறியவர்களுக்குத் திசைகாட்டியின் வடமுனைக் குறி போன்ற ஒரு சின்னம் கொடுத்தார். இன்று சாரணர் சட்டையில் இருக்கும் மூவிதழ்ச் சின்னத்தின் மூதாதை அதுதான். அந்தப் பயிற்சி உரைகளைத் தொகுத்துப் படையினருக்கான ஒரு சிறு நூல் தயாரித்தார். அவர் மாஃபெக்கிங்கில் அடைபட்டிருந்த காலத்தில்தான் அது லண்டனில் வெளியானது. ஆசிரியர் உள்ளே சிக்கிக்கொண்டு தினமும் பத்திரிகையில் அடிபடும்போது புத்தகத்துக்கு வேறு விளம்பரம் எதற்கு?

முற்றுகை முடிந்து ஊர் திரும்பியபோது, ராணுவத்துக்கு எழுதிய அந்தப் புத்தகத்தைப் பள்ளி ஆசிரியர்களும் பையன்களும் வைத்து விளையாடிக்கொண்டிருப்பதை அவர் கண்டார். ஆம்பிள்சைடில் சார்லட் மேசன் நடத்திய ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியிலும் அது நுழைந்திருந்தது. 1904ல் கிளாஸ்கோவில் பாய்ஸ் பிரிகேட் அமைப்பின் பெரிய அணிவகுப்பைப் பார்வையிட்டபோது, அதன் நிறுவனர் வில்லியம் ஸ்மித், சிறுவர்களுக்கேற்ப அந்த நூலைத் திருத்தி எழுதுங்களேன் என்றார். 1906ல் அமெரிக்காவில் காட்டுக்கலைச் சங்கம் நடத்திய எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் தன் கையேட்டை அனுப்பிவைத்தார். இத்தனையும் கலந்துதான் 1907 பிரௌன்சீ முகாம். இருபது பையன்கள் சொச்சம், பாதிப் பேர் பணக்காரப் பள்ளிகளிலிருந்து, மீதிப் பேர் பூல், போர்ன்மவுத் ஊர்களின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். நான்கு அணிகள். காலையில் எழுப்புவதற்கு 1896ல் மட்டோப்போ பக்கம் நடந்த மட்டபேலே போரில் கிடைத்த, குடு என்ற மானின் கொம்பை ஊதினார். பக்கத்தில் பறந்த கொடி, மாஃபெக்கிங் தலைமையகத்தில் பறந்த அதே பிரிட்டிஷ் கொடி.

கொடியைக் கொண்டுவந்தது தற்செயலாக இருக்க முடியாது. மாஃபெக்கிங்கின் மதிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். 1908 ஜனவரியில் 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியாக, நான்கு பென்னி விலையில், ஆறு பகுதிகளாக வந்தது. முதல் பகுதியின் முதல் கதையிலேயே மாஃபெக்கிங் பையன்கள் வந்துவிடுகிறார்கள். உன் வயதுப் பையன்கள் இதைச் செய்தார்கள், நீ செய்வாயா என்பதுதான் அங்கே கேள்வி. முற்றுகை வீரர் என்ற பெயர் இல்லாமல் இதே நூலை வேறு யாராவது எழுதியிருந்தால், புத்தகக் கடை மூலையில் கிடந்திருக்கும். 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 11,000 சாரணர்கள் கூடினார்கள். அடுத்த ஆண்டுக்குள் பிரிட்டனில் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான ஊர்களில் தலைமையகம் சொல்லாமலேயே பையன்கள் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுத் தாங்களே குழு தொடங்கிவிட்டு, அப்புறம்தான் பெரியவர் ஒருவரைத் தேடினார்கள்.

கதை மட்டும்தான் மாஃபெக்கிங்கிலிருந்து வந்ததா என்றால், அதுவும் முழுக்கச் சரியில்லை. பொறுப்பைக் கொடுத்தால் பன்னிரண்டு வயதுப் பையனும் பெரிய ஆளைப் போல நடந்துகொள்வான் என்பதை பேடன் பவல் அங்கே கண்ணால் பார்த்தார். மீரட்டில் சிப்பாய்களிடம் பார்த்தது சிறுவர்களிடமும் செல்லும் என்ற நம்பிக்கை அங்கே வந்தது. அணித் தலைவனே அணியை நடத்த வேண்டும், பெரியவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அவர் கடைசிவரை பிடிவாதமாகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். காக்கிச் சட்டையும் அகலத் தொப்பியும்கூட அந்தச் சிறுவர் படையின் நகல் என்பார்கள். அதில் பெரும்பகுதி, முற்றுகைக்குப் பிறகு அவர் உருவாக்கிய தென்னாப்பிரிக்கக் காவல்படையிலிருந்து வந்தது.

தென்னாப்பிரிக்காவிலேயே இயக்கம் எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1908லேயே கேப் டவுன் பக்கம் குழுக்கள் வந்துவிட்டன. எல்லாம் வெள்ளைப் பிள்ளைகளுக்கு. எல்லாச் சாரணரும் சகோதரர் என்று சாரணர் சட்டம் சொன்னாலும், ஆப்பிரிக்கப் பையன்கள் சேர வந்தபோது கதவு திறக்கவில்லை. 1922ல் அவர்களுக்கென்று 'பாத்ஃபைண்டர்' என்ற தனி அமைப்பு தொடங்கப்பட்டது. சீருடை வேறு, பெயர் வேறு. 1936ல் பேடன் பவல் நேரில் வந்து பேச்சு நடத்தியதில் கிடைத்தது ஒரு கூட்டமைப்பு: வெள்ளையர், ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் என்று நான்கு கிளைகள், ஒரே குடையின் கீழ், ஆனால் தனித்தனியாக. நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் சேர முடிந்தது இந்தியக் கிளையில். இதே போயர் போரில் நேட்டால் பக்கம் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள், அவர்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் கணிசம். அந்தத் தலைமுறையின் வாரிசுகளும் தனிக் கிளையில்தான் உட்கார வேண்டியிருந்தது. நான்கு கிளைகளும் ஒன்றானது 1977ல். நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்தபோதே ஒன்றானார்கள் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். தாமதம் என்பதும் உண்மை. மாஃபெக்கிங்கில் யாருக்குச் சீருடை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தால் இந்தப் பிரிவினை புதிதாக வந்ததில்லை என்று தெரியும்.

ஊர் இப்போது மஹிகெங் என்ற பெயரில், வடமேற்கு மாகாணத்தின் தலைநகராக இருக்கிறது. முற்றுகைப் பொருட்களை அங்குள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

கடைசியாக ஸ்டாம்ப். ஆம், நிஜம். முற்றுகையின்போது வெளியே போகும் கடிதங்களுக்கு, இருப்பிலிருந்த ஸ்டாம்புகள் மேல் 'மாஃபெக்கிங், முற்றுகையிடப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அச்சடித்துப் பயன்படுத்தினார்கள். ஊருக்குள்ளேயே, அரணுக்கும் வீட்டுக்கும் இடையே போகும் கடிதங்களுக்கு 1900 ஏப்ரலில் உள்ளூர் ஸ்டாம்புகள் தயாராயின. ஒரு பென்னி ஸ்டாம்பில் சைக்கிளில் உட்கார்ந்த குட்இயர். மூன்று பென்னி ஸ்டாம்பில் பேடன் பவலின் தலை. அச்சகத்தில் அடித்தவை அல்ல; பொறியாளர்கள் வரைபடத்தைப் படியெடுக்கும் நீலத்தாள் முறையில், புகைப்படமாக எடுத்தவை. அதனால் முழுக்க நீல நிறம். அரசியின் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கர்னலின் தலையா என்று லண்டனில் முகம் சுளித்தார்கள். தனக்குத் தெரியாமல் அதிகாரிகள் செய்த வேலை என்று பேடன் பவல் பின்னால் விளக்கம் சொன்னார். அவ்வளவு சின்ன ஊரில், தன் முகம் போட்ட ஸ்டாம்ப் தயாராவது தளபதிக்குத் தெரியாமல் போனது என்பதை நம்புவது உங்கள் பாடு.

யாராவது உங்கள் குழுவுக்கு அந்த ஸ்டாம்பைக் காட்டுகிறேன், விற்கிறேன் என்று வந்தால் அவசரப்படாதீர்கள். நீலத்தாள் முறை எளிது என்பதால் போலிகள் ஏராளம். அசல் தாளில் 'ஓஷானா ஃபைன்' என்ற நீரோட்டக் குறி (வாட்டர்மார்க்) உண்டு. ஆனால் முழுத் தாளுக்குமாகச் சேர்த்து வந்த குறி என்பதால் எல்லா ஸ்டாம்பிலும் அது தெரியாது. மூன்று பென்னி ஸ்டாம்பு இரண்டு அகலங்களில் உண்டு, 18.5 மில்லிமீட்டர் ஒன்று, 21 மில்லிமீட்டர் ஒன்று; அதனால் அளவு மாறியிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று தள்ளிவிடவும் கூடாது. நிபுணர் சான்றிதழ் இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு ஒரு நல்ல நகல்படம் போதும்.